அசல் நீள வீச்சு

வால்டரின் முறைப்பாடு மறுபடியும் திறந்திருந்தது.

முந்தின நாள் மாலை வினோஜன் அதை மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். மூடும்போது, 'உங்கள் கருத்து எங்களுக்குப் பெறுமதியானது' என்று வழக்கமான வரியைப் போட்டிருந்தான். காலையில் வந்து கணினியைப் பார்த்தால், அதற்குக் கீழே வால்டர் பதில் எழுதி வைத்திருந்தார்.

'பெறுமதியானது என்றால் வாசித்திருப்பீர்கள். நான் கேட்டது ஒன்று, நீங்கள் சொல்வது இன்னொன்று. உங்களில் யாராவது வாழ்க்கையில் ஒரு தடவையேனும் அந்தப் பந்தைக் கையில் எடுத்திருந்தால், அவரைப் பதில் எழுதச் சொல்லுங்கள்.'

வினோஜன் எடுத்ததில்லை. அந்த அறையில் எவருமே எடுத்ததில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் நகரத்துப் புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, அமெரிக்காவில் வீடியோ கேம் விளையாடுகிறவர்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வினோஜனுக்கு அங்கே 'வின்ஸ்' என்று பெயர். அவன் தலையில் விழுந்தது அமெரிக்க உதைபந்தாட்ட கேம். பெயரில்தான் உதை இருந்தது. ஆட்டத்தில் பந்தைக் கையால் எறிந்தார்கள், கையால் பிடித்தார்கள், பிடித்தவனை நாலு பேர் சேர்ந்து கீழே தள்ளினார்கள்.

வால்டரின் பிரச்சினை நீள வீச்சு. எறிகிறவன் பின்னால் நின்று ஐம்பது அறுபது கெஜத் தூரத்துக்குப் பந்தை அனுப்ப, இன்னொருவன் முன்னால் பாய்ந்து ஓடிக்கொண்டே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து அதைப் பிடிக்க வேண்டும். நிஜத்தில் அது பாதித் தடவை அமைவதே பெரிய விஷயம் என்று வால்டர் எழுதியிருந்தார். கேமிலோ பந்து தபாலில் போட்ட மாதிரி நேரே போய்க் கைக்குள் விழுந்தது.

சனங்கள் சத்தம் போட்டதும் கம்பனி அதைத் திருத்தியது. திருத்திய பிறகு எவனாலும் பிடிக்க முடியவில்லை. ஓடுகிறவன் பஸ்ஸுக்கு நிற்கிறவனைப் போல நடு மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். தடுக்க வந்தவனோ, முதுகில் கண் முளைத்தவனாட்டம், திரும்பியே பார்க்காமல் எம்பிப் பந்தைப் பறித்தான். இப்போது மற்றப் பாதிப் பேர் சத்தம் போட்டார்கள். வினோஜனிடம் இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. அதிகமாகப் பிடிபடுகிறது என்பவர்களுக்கு ஒன்று, பிடிபடவே இல்லை என்பவர்களுக்கு ஒன்று. ஒருநாள் இரண்டையும் மாற்றி அனுப்பிவிட்டான். வால்டரைத் தவிர யாருமே அதைக் கவனிக்கவில்லை.

மேற்பார்வையாளர் நிஷாந்தி அவன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு எப்படியாவது இதை மூடிருங்க வினோஜன். திரும்பத் திரும்பத் தெறக்குற முறைப்பாட்டைத்தான் கம்பனிக்காரங்க பாக்குறாங்க. நம்ம கிளையில இது ஒண்ணுதான் அப்படி. ஆள் கொறைக்கிறதுன்னா எங்கருந்து தொடங்குவாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல."

"நான் என்ன எழுதினாலும் அவரு திருப்பி அனுப்புறாரு மிஸ். பந்தைத் தொட்டவன் எழுதணுமாம்."

"அப்ப தொட்டவன் மாதிரி எழுதுங்க."

அவள் போய்விட்டாள். வினோஜன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மல்லிகைப்பூ மலை முகடு மேகத்துக்குள் போயிருந்தது. இந்த வேலை போனால் வேறொன்று தேடலாம் என்று சொல்லிக்கொள்கிற நிலைமையில் அவன் இல்லை.

அவன் இருந்தது லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். சொந்த ஊர் நோட்டன் பிரிட்ஜ். தனுஜாவைக் கட்டிய பிறகு மாமனார் வீட்டுக்குப் பக்கத்து ஒற்றையறைக் காம்பிராவுக்கே வந்துவிட்டான். போன பெருமழையில் லயத்துக்கு மேலே மலை கொஞ்சம் இறங்கியது. பின்சுவரில் தலைமுதல் கால்வரை வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து, சுவரில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டு, இங்கே இருக்கக் கூடாது, போய்விடுங்கள் என்றார்கள். எங்கே போவது என்று சொல்லவில்லை. மாமனார் மாயாண்டி ஒரு சவுக்குமரத் தடியை வெட்டி வந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தார். சனங்கள் அதே காம்பிராவில்தான் படுத்தார்கள்.

இரண்டு வீட்டுச் சாப்பாடும் வினோஜனின் சம்பளத்தில் நடந்தது. அங்கிருந்து வெளியேறுகிற வழி தனுஜாவின் தம்பி துஷாந்திடம் இருந்தது. அவன் கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போகப் போகிறான். மெடிக்கல் முடிந்து, விசாவும் வந்துவிட்டது. அவன் போய் உழைத்து அனுப்பினால் தலவாக்கலைப் பக்கம் ஒரு துண்டுக் காணியில் வீடு எழும்பும் என்று மாமியார் நாகலெட்சுமி கோயிலுக்குக் கோயில் சொல்லி வைத்திருந்தாள்.

வினோஜன் வால்டருக்கு எழுதினான்.

'மன்னிக்கவும். நான் கல்லூரிக் காலத்தில் இந்த ஆட்டம் ஆடியவன். எறிகிறவனாக இருந்தேன். தோளில் அடிபட்டதால் விட்டுவிட்டேன். நீங்கள் சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது.'

அனுப்பிய கையோடு முறைப்பாட்டை மூடினான். அன்று முழுக்க அது மூடியே இருந்தது.

மறுநாள் திறந்திருந்தது. ஆனால் வால்டரின் குரல் மாறியிருந்தது. தான் நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் இந்த ஆட்டத்தைப் பழக்கியவர் என்றும், இப்போது முழங்கால் போய் வீட்டோடு கிடப்பதாகவும், மைதானத்துக்குப் போக முடியாததால் கேமில்தான் ஆட்டத்தைப் பார்ப்பதாகவும், அதிலும் பொய் இருந்தால் மனுஷன் எங்கே போவது என்றும் நீளமாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. 'எந்தக் கல்லூரி?'

வினோஜன் யோசித்துப் பார்த்துவிட்டு, 'நோட்டன் பிரிட்ஜ்' என்று எழுதினான்.

'கேள்விப்பட்டதில்லை. மலைப் பக்கமா?'

'ஆமாம். மலைப் பக்கம்தான்.'

அதுவரைக்கும் அவன் எழுதியதில் உண்மையான வரி அதுதான்.

'மலைப் பிள்ளைகளுக்குத் தோள் பலம் உண்டு,' என்று வால்டர் எழுதினார். 'நீ எறிந்த ஒரு வீச்சைப் படம் பிடித்தது இருந்தால் அனுப்பு. அதையும் கேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பிழை என்று உன் கம்பனிக்குக் காட்டுகிறேன்.'

அந்தக் காலத்தில் படம் எடுக்க வசதி இல்லை என்று வினோஜன் சமாளித்தான். சமாளித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டான். சாப்பிட்டு வருவதற்குள் வால்டர் கம்பனிக்கே நேராக எழுதிவிட்டார். உங்களிடம் வின்ஸ் என்று ஒருவர் இருக்கிறார், ஆட்டம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவர் பார்த்துச் சரி என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நிஷாந்தி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"நீங்க பெரிய விளையாட்டுக்காரர்னு சொல்லவே இல்லையே."

"மிஸ், நீங்கதான தொட்டவன் மாதிரி எழுதச் சொன்னீங்க."

அவளுடைய சிரிப்பு மெதுவாக நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் மேல எழுதிட்டேன் வினோஜன். நம்ம கிளையில அனுபவம் உள்ள ஆள் இருக்காருன்னு எழுதிட்டேன். அவங்களுக்கும் சந்தோஷம். ஒரு நீள வீச்சு எறிஞ்சு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க. அதைப் பாத்துத்தான் கேமைத் திருத்துவாங்களாம்."

"இல்லைன்னு சொல்லிருவோம் மிஸ்."

"இல்லைன்னா பொய் சொல்லி முறைப்பாட்டை மூடுனோம்னு ஆகும். அப்ப உங்கள மட்டும் அனுப்ப மாட்டாங்க. கதவையே சாத்திருவாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பந்து. ஒரே ஒரு தடவை. எறிஞ்சா என்ன?"

அந்தப் பந்து நாட்டிலேயே இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் றக்பிப் பந்து கிட்டத்தட்ட அதே சாடை. தோட்டத்து லொறி டிரைவர் முத்துலிங்கம் முன்பு துரைமார் கிளப்பில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தது. இங்கேயும் அங்கேயும் தோல் உரிந்து, சொறி பிடித்த பூசணிக்காய் மாதிரி இருந்தது.

"காத்து நிக்காது தம்பி," முத்துலிங்கம் அதைத் தட்டிக் காட்டினார். "பம்ப் அடிச்ச கையோட எறிஞ்சிரணும். யோசிச்சா எறங்கிரும்."

வீட்டில் தனுஜா கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவனையே பார்த்தாள்.

"நீங்க கல்யாண வீட்டுல அட்சதை போட்டதே பொண்ணு மாப்பிளைக்கு எட்டல."

"வேற வழி இல்ல தனுஜா. நீ போன்ல படம் எடு. ஓடிப் பிடிக்கத்தான் ஒரு ஆள் வேணும்."

ஓடக்கூடிய ஆள் அந்த லயத்தில் ஒருவன்தான் இருந்தான். துஷாந்துக்கு இருபத்தாறு வயது, தோட்டத்து ஓட்டப் போட்டிகளில் எப்போதும் முதலாவதாக வருகிறவன். பக்கத்துக் காம்பிராவில் நாகலெட்சுமி அவன் பையைத் திறந்து மறுபடியும் மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"வர்ற கிழமை பிளேன் ஏறப் போற புள்ள, மருமகன். ஈரத்துல எறக்கி விடாதீங்க. சளி கிளி புடிச்சா அங்க திருப்பி அனுப்பிருவாங்களாம்."

"கொஞ்ச நேரம்தான் மாமி. வேலை போயிரும்போல இருக்கு."

வேலை என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் எதிர்ச்சொல் கிடையாது. நாகலெட்சுமி ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து மகனிடம் நீட்டினாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு வந்தான்.

மைதானம் லயத்துக்குக் கீழே, தேயிலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடம். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் யாரும் இல்லை. பனி விலகி, அரைகுறை வெயில் அடித்தது. வினோஜன் பந்துக்குக் காற்றடித்தான். துஷாந்த் பக்கத்தில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பேக் கட்டியாச்சா மாப்ள?"

"அம்மா கட்டிட்டாங்க."

"உனக்கு என்னென்ன வேணும்னு நீ பாக்கலையா?"

"அங்க குளிராதாம் மச்சான். ஒண்ணும் தேவைப்படாதாம்."

வினோஜன் பந்தை அழுத்திப் பார்த்தான். மேல் லயத்து வீரம்மாவின் மகன் அழகன் அதே கட்டாருக்குத்தான் போனான். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து பெட்டியில் வந்தான். லொறி ஏறாத பாதை என்பதால் ரோட்டிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் துஷாந்தும் ஒருவன். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. விசா வந்த அன்று துஷாந்த் சொன்னது ஒரே வார்த்தை. "எல்லாரும் சொல்றீங்க, போறேன்." அதற்கு நாகலெட்சுமி பாயாசம் வைத்தாள்.

முதல் வீச்சு வினோஜனின் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது, பிடிநழுவிய கோழியைப் போல இறக்கை அடித்துப் பக்கவாட்டில் பறந்து, படம் எடுத்துக்கொண்டிருந்த தனுஜாவின் தலைக்கு மேலாகப் போனது. மூன்றாவதற்குள் பந்தில் காற்று இறங்கிவிட்டது. மறுபடி பம்ப். துஷாந்த் ஒவ்வொரு தடவையும் மைதானத்தின் அந்தக் கோடிவரை ஓடி, ஒன்றும் வராத வானத்தைப் பார்த்துவிட்டு, நடந்து திரும்பினான். ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை.

"வின்ஸுக்குத் தோள்ல அடிபட்டதுன்னு எழுதுனது மட்டும் உண்மையாகப் போகுது," என்றாள் தனுஜா.

கை கழன்றுவிடும் போலிருந்தது. வால்டர் தன் நீளமான கடிதத்தில் எழுதியிருந்த பாடத்தை வினோஜன் நினைத்துப் பார்த்தான். கையால் எறியாதே, இடுப்பால் எறி. ஓடுகிறவன் இருக்கிற இடத்துக்கு எறியாதே, இருக்கப் போகிற இடத்துக்கு எறி. விரல்களைப் பந்தின் தையலில் வைத்துப் பிடித்தான்.

"மச்சான், இந்த முறை நான் அந்தப் பக்கமா ஓடட்டுமா?" துஷாந்த் மைதானத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினான். "வெளிச்சம் அங்க நல்லா இருக்கு."

"ஓடு. எங்க ஓடுனாலும் எனக்கு ஒண்ணுதான்."

துஷாந்த் ஓடினான். வினோஜன் இடுப்பைத் திருப்பி எறிந்தான்.

அது எப்படி நடந்தது என்று அவனுக்கே தெரியாது. பந்து தடுமாறாமல், சுழன்றுகொண்டே, மேலே மேலே போனது. தேயிலைச் சரிவைத் தாண்டி, சவுக்கு மரங்களின் உயரத்துக்கு எழுந்து, ஒரு கணம் அங்கேயே தங்கிவிட்டு, துஷாந்த் ஓடிக்கொண்டிருந்த பக்கமாகச் சரிந்தது. துஷாந்த் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான். இடக்கை முதலில் எழுந்தது, பிறகு வலக்கை. பந்து விரல் நுனிகளில் பட்டு நழுவியது. அவன் கைகளை நீட்டியபடியே இன்னும் நாலைந்து எட்டு வைத்தான்.

பிறகு காணாமல் போனான்.

மைதானத்தின் கீழ் ஓரத்தில் மழைத்தண்ணீர் போகிற கான் ஒன்று இருந்தது. கருங்கல் வைத்துக் கட்டிய ஆழமான கான். புல் மண்டிக் கிடந்ததால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. வெளியூர்க்காரனான வினோஜனுக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு அவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, துஷாந்தின் வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தனுஜா போனைக் கையில் பிடித்தபடியே கானுக்குள் இறங்கினாள். போன் வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். அமெரிக்கக் கம்பனிக்காகப் பந்து எறிந்தோம் என்று வினோஜன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான். டாக்டர் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, அடுத்த கேள்வியைத் தனுஜாவிடம் கேட்டார். இரண்டு இடத்தில் முறிவு. தகடு வைத்து ஆணி அடித்தார்கள். எப்போது நடப்பான் என்பதைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். பாரம் தூக்குகிற வேலையை மறந்துவிடுங்கள் என்பதை மட்டும் உடனே சொன்னார்கள்.

கட்டார் வேலையைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்சிக்காரன் அனுதாபம் தெரிவித்தான். அந்த இடத்துக்குக் கொத்மலையிலிருந்து வேறொரு பையனைப் போட்டுவிட்டதாகவும் அதே மூச்சில் சொன்னான்.

நாகலெட்சுமி அழுதாள். அழுது முடித்த பிறகு மருமகனோடு பேசுவதை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதைக் கதவிடம் சொன்னாள். "தண்ணி கொண்டாந்து வைக்கிறவங்க வைக்கலாம்," என்று கதவைப் பார்த்துச் சொல்லுவாள். வினோஜன் போய்க் கொண்டுவந்து வைப்பான். மாயாண்டி முட்டுக் கொடுத்திருந்த தடிக்குப் பக்கத்தில் இன்னொரு தடி நட்டார். துஷாந்தின் கட்டிலை அந்தச் சுவரோடு போடாமல் எதிர்ப்பக்கமாக இழுத்துப் போட்டார். எதிர்ப்பக்கம் என்றால் நாலடி தள்ளி.

தனுஜா தம்பியைப் பார்த்துக்கொள்ள அம்மா வீட்டோடு போய்விட்டாள். பக்கத்துக் காம்பிராதான். ஆனால் நடுச்சுவர் அன்று முதல் தடித்துப்போனது.

நிஷாந்தி போனில் கூப்பிட்டாள். "படம் எங்க வினோஜன்? அங்க காத்திட்டு இருக்காங்க."

"என் மச்சினன் கால் ஒடைஞ்சு கெடக்கான் மிஸ்."

"ரொம்ப வருத்தமா இருக்கு," என்றாள். பிறகு, கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல், "படம் வந்திருக்கா?" என்றாள்.

வினோஜன் தனுஜாவிடம் போய் நின்றான். அவள் நிமிர்ந்து பார்க்காமல் போனை நீட்டினாள்.

"அனுப்புங்க. அவன் கால் போனதுக்கு உங்க வேலையாவது நிக்கட்டும்."

துஷாந்த் கானுக்குள் மறைகிற இடத்துக்கு ஒரு எட்டு முன்னால் படத்தை வெட்டி, வினோஜன் அனுப்பினான்.

வால்டரின் பதில் அடுத்த நாளே வந்தது. அவர் அவ்வளவு உணர்ச்சியோடு எழுதியதை அவன் முன்பு பார்த்ததில்லை.

'முப்பது வருஷத்தில் இப்படி ஒன்றை நான் சில தடவைதான் பார்த்திருக்கிறேன். பந்தை விடு, அதை யாரும் எறிவார்கள். ஓடுகிறவனைப் பார். கடைசி நேரத்தில் அவன் கண் பந்திலிருந்து விலகுகிறது. அந்தப் பயத்தைப் பார். உங்கள் கேமில் இல்லாதது இதுதான். இதை எந்த இயந்திரத்தாலும் செய்ய முடியாது, எந்த நடிகனாலும் நடிக்க முடியாது. உன் வீச்சு ஒரு அரைச்சாண் நீளம், அவ்வளவுதான் பிழை. அந்தப் பையன் எழுந்தானா?'

கடைசி வரிக்கு வினோஜன் பதில் எழுதப் பார்த்தான். வாடிக்கையாளர்களோடு சொந்த விஷயம் பேசக் கூடாது என்று கணினி சிவப்பில் எச்சரித்தது. அழித்துவிட்டு, 'உங்கள் கருத்து எங்களுக்குப் பெறுமதியானது' என்று போட்டான். வால்டர் தன் கையாலேயே முறைப்பாட்டை மூடினார்.

கம்பனிக்கும் படம் பிடித்துப்போனது. அதே ஓட்டக்காரரை வைத்து வேறு கோணத்தில் இன்னும் சில படங்கள் கிடைக்குமா என்று கேட்டார்கள். அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று நிஷாந்தி எழுதினாள். ஆள் குறைப்பு நடந்தது, ஆனால் வேறு கிளையில். வினோஜனைப் பதில் எழுதுகிற வேலையிலிருந்து எடுத்து, புதிதாகச் செய்கிற நீள வீச்சுகள் நிஜம் மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிற வேலையில் போட்டார்கள். மேசையில் பெயர்ப்பலகைகூட வைத்தார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் கைகொடுத்தார்கள். அவன் அன்று பஸ்ஸில் வரும்போது வழி முழுக்கக் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

அந்தக் காலத்தில்தான் அவன் மைத்துனனோடு அதிக நேரம் இருந்தான். வேலை முடிந்து வந்ததும் துஷாந்தைத் தோளில் சாய்த்துக் கக்கூசுக்குக் கூட்டிப் போவான், வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து விடுவான். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு வகையில் மன்னிப்புக் கேட்டான். துஷாந்த் ஒவ்வொரு நாளும், "விடுங்க மச்சான்," என்றான். அவன் கோபப்படாதது வினோஜனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும்.

மழை தொடங்கியது. சுவரின் வெடிப்பில் இப்போது விரல் நுழைந்தது. மாயாண்டி வெடிப்புக்குள் சீமெந்துத் தாளைச் சுருட்டி அடைத்தார். அடிக்கடி எழுந்து போய் மலையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாகலெட்சுமி கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள்.

கேமின் புதிய பதிப்பு வந்த அன்று மாலை வினோஜன் அதிலிருந்து ஒரு துண்டைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்தான். காட்டலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தவன், கடைசியில் துஷாந்தின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை நீட்டினான். வெளியே அடுப்படியில் நாகலெட்சுமியும் தனுஜாவும் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"பாரு மாப்ள. உன்னைப் பாத்துச் செஞ்சது."

திரையில் தலைக்கவசம் போட்ட ஒரு பெரிய அமெரிக்கன் பச்சைப் புல்லில் பாய்ந்து ஓடினான். தோளுக்கு மேலாகத் திரும்பினான். இடக்கை முதலில் எழுந்தது, பிறகு வலக்கை. பந்து விரல் நுனியில் பட்டு நழுவியது. அவன் கைகளை நீட்டியபடியே நாலைந்து எட்டு வைத்தான். ஆயிரக்கணக்கான சனம் எழுந்து நின்றது.

துஷாந்த் இன்னொரு தடவை போடச் சொன்னான். பார்த்தான். பிறகு மறுபடியும்.

"இதை அங்க எல்லாரும் நிஜம்னு சொல்றாங்களா மச்சான்?"

"சொல்றாங்க. இப்ப ஒரு முறைப்பாடு இல்ல. நடிச்சு வராதுன்னு வால்டரே எழுதியிருக்காரு." வினோஜன் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். "பிழை என்னோடதுதான் மாப்ள. வீச்சு அரைச்சாண் நீளமாப் போச்சாம். அது மட்டும் சரியா வந்திருந்தா நீ இந்நேரம் கட்டார்ல நின்னிருப்ப."

துஷாந்த் வாசலைப் பார்த்தான். அம்மா அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் வினோஜனின் கையைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்து, காதோடு சொன்னான்.

"பந்து சரியாத்தான் கைக்கு வந்துச்சு மச்சான், அதை விட்டுட்டு கானைப் பாத்து ஓடுனது நான்தான்."